மூன்றுக்கு இடதுபுறம்

முதலாண்டு, இரண்டாம் பருவம்.
உன்னைத் தூண்டிய மூன்று படைப்புகள்,
ஒவ்வொன்றுக்கும் நூறு சொல், அடுத்த வெள்ளிக்குள்.
அனிந்திதா மேடம் தாளைக் கொடுத்துவிட்டு
ஜன்னலைத் திறக்கப் போனார்.

ஒன்று எனக்கு உடனே தெரியும்.
அரண்மனைச் சாலைக் காட்சிக்கூடம், மாடியறை,
கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கரித்துண்டு ஓவியம்.
குந்தியிருக்கும் ஒரு பெண்ணின் முதுகு மட்டும்.
வலது கையை வரைந்து, அழித்து,
வேறிடத்தில் வரைந்திருக்கிறார்கள்.
அழித்த கை போகவில்லை.
சாம்பல் நிறத்தில் அங்கேயே
எதையோ எடுக்கப் போய்க்கொண்டிருக்கிறது.
காவலர் "டைம் ஆய்த்து" என்று சொல்லும்வரை நின்றேன்.
அன்றிரவு ரப்பரை
முதல்முறையாக மரியாதையாகப் பிடித்தேன்.

இரண்டு, நூலகப் படிக்கட்டில் ஒரு சுவரொட்டி.
ஏதோ பழைய நாடக விழா, ஜூலை மாதம்.
தாள் முழுக்க வெள்ளை.
ஓரமாக ஒரே ஒரு சாய்கோடு.
அவ்வளவுதான் மழை.
நான் நனைந்தே போனேன்.
அளவுகோல் வைத்துக் கணக்குப் போட்டேன்:
நூற்றில் தொண்ணூற்றாறு பங்கு வெள்ளை.

அதற்கப்புறம் எனக்கு வெள்ளைப் பைத்தியம்.
மேசையில் இருந்ததையெல்லாம் அள்ளிக்
கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
தட்டில் ஊறுகாயை இடம் மாற்றினேன்.
"நாளைக்கு என்னையும் வெளியே வைப்பியா?"
என்றாள் அறைத்தோழி மேக்னா.

எலஹங்காவில் எங்கள் விடுதி லிஃப்டில்
ஐந்து எஃகுப் பொத்தான்கள், அழகான வரிசை.
மூன்றுக்குப் பக்கத்தில் மட்டும்
ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.
வகுப்பில் அன்றுதான் படித்த சொல்: இரைச்சல்.
கண்ணுக்கு இரைச்சல்.
நகத்தால் உரித்தேன்.
மறுநாள் பச்சைப் பொட்டு. உரித்தேன்.
அதற்கு மறுநாள் எதுவும் இல்லை.
ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தமிழ் எழுதுகிறவளுக்கு
இது தெரிந்திருக்க வேண்டும்.
பல்லின் தலைப்புள்ளியை எடுத்தால்
பல.

சனிக்கிழமை.
நான்காம் மாடித் தாழ்வாரத்தில்
வாளியும் துடைப்பமுமாக ஹுலிகெம்மா.
ராய்ச்சூர்ப் பக்கம். என்னைவிட
இரண்டு வயது கூட இருக்கலாம்.
பூட்டிய ஒரு கதவில்
மூன்றாம் மாடிச் சாவியைப் போட்டுத்
திருப்பிக்கொண்டே இருந்தாள்.
பிறகு வாளியைத் தூக்கி லிஃப்டுக்குள் வந்தாள்.
கட்டைவிரல் வரிசையின் மேல் மெதுவாகப் போய்
காலி இடத்தைத் தடவிவிட்டு நின்றது.
சாம்பல் நிறக் கை.

என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
நானாக மூன்றை அழுத்தினேன்.
ஓசூர்க்காரி நான். கன்னடம் காதுக்குப் புரியும்,
கண்ணுக்குப் புரியாது.
பஸ் முகப்பில் எண்ணை மட்டும் பார்த்து
ஏறி இறங்கியே ஒரு வருஷம் ஓட்டியவள்.

கடையில் பொட்டு அட்டை பத்து ரூபாய்.
எஃகின்மேல் எந்த நிறம் எடுக்கும், மெரூனா, கறுப்பா?
விரலுக்குத் தட்டுப்பட எவ்வளவு தடிப்பு வேண்டும்?
வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
வீட்டில் கல்யாணமா என்றார் கடைக்காரர்.
கல் வைத்த பொட்டாக வாங்கினேன்.
ராத்திரி, யாரும் இல்லாத நேரம்,
மூன்றின்மேல் நட்டநடுவில்
ஸ்கேல் வைக்காத குறையாக ஒட்டினேன்.

காலையில் பார்த்தால்
அதைப் பெயர்த்து
இடதுபுறம் தள்ளி ஒட்டியிருக்கிறது.
பசையின் வட்டம் மட்டும் நடுவில் மங்கலாக.
எண் படிக்கிறவர்களுக்கு
எண் தெரிய வேண்டும் அல்லவா.

மூன்றாவதற்கு நூறு சொல் இன்னும் வரவில்லை.
படைப்பாளர் பெயர் என்ற கட்டத்தில்
அவள் பெயரை எழுதினேன்.
எழுதலாமா என்று அவளைக் கேட்கவில்லை என்பது
எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.
நாளை வெள்ளி.
எட்டு மணிக்கு வாளியோடு வருவாள்.