இடம் போதவில்லை

முதலாவதை ஹட்டன் பஸ்ஸில் இறக்கினேன்.
டிக்கோயாவில் நாற்பது வீதம்,
நோர்வூட் வளைவில் மூச்சைப் பிடித்து நின்றது,
பொகவந்தலாவையில் நான் இறங்கியபோது
அது ஏற மறுத்தது:
போனில் இடம் போதவில்லையாம்.
எதை அழிக்க?
கட்டாரிலிருந்து சித்தப்பா
விடியுமுன் அனுப்பும் ரோஜாப்பூ வணக்கங்கள்
ஆயிரத்துச் சொச்சம் கிடக்கின்றன.
அழிக்கவில்லை.
செயலியைத்தான் அனுப்பிவிட்டேன்.

இரண்டாவதற்குத் தூரிகைகள் ஏராளம்.
ஈரச் சுவரில் கரி இழுத்தது மாதிரி ஒன்று,
அதற்காகவே வைத்திருந்தேன் மூன்று வாரம்.
ஆனால் மூன்று அடுக்குதான் இலவசம்.
மலைக்கு ஒன்று.
லயத்துக்கு ஒன்று.
பனிக்கு ஒன்று; வெள்ளையைப் பூசி
பன்னிரண்டு வீதம் மட்டும் தெரியவிட்டால்
காலை ஆறு மணி வந்துவிடும்.
ஆட்களை எங்கே வைப்பது?
நாலாவது அடுக்குக்கு டொலர் கேட்டது.
என்னிடம் இருந்தது
சுரண்டாத ரீலோட் அட்டை, நூறு ரூபாய்.

அடுத்தது எல்லாம் தந்தது,
ஒவ்வொரு படத்தின் மூலையிலும்
தன் பெயரைக் குத்திவிட்டு.
ஃபெக்டரியிலிருந்து தேயிலை மூட்டைகள்
இப்படித்தான் லொறி ஏறும்,
பறித்தவளின் பெயர் தவிர
மற்ற எல்லாப் பெயர்களோடும்.

கோகிலவாணியின் பூப்புனித நீராட்டு பேனருக்கு
இன்னொன்றைத் திறந்தேன்.
கொம்பு ஓரிடம், கால் ஓரிடம்,
நடுவில் தனியே ஒரு க.
எழுத்தெல்லாம் இருந்தது,
பிள்ளையைத்தான் காணோம்.
சிரித்துக்கொண்டே ஸ்கிரீன்ஷொட் எடுத்தேன்.
பிறகு என் பிறப்புச் சான்றிதழ் ஞாபகம் வந்தது:
அதில் அப்பாவின் பெயரை
ஒரு மனிதர், பேனையால்,
இதைவிட மோசமாக உடைத்திருக்கிறார்.

இப்படியே போயிருக்கும்,
தங்கேஸ்வரி அக்கா கடைக்கு வராவிட்டால்.
செவ்வாய்க்கிழமை, நல்ல மழை,
படங்கைக் கதவில் தொங்கவிட்டு
தலையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.
தனியாக நிற்கும் படம் ஒன்று வேண்டுமாம்.
நாற்பத்தாறு வயதில்
இருக்கிற படத்திலெல்லாம் யாராவது கூட நிற்கிறார்கள்.

எடுத்தேன்.
எல்லாரும் மெச்சும் செயலியில் போட்டு
'அழகாக்கு' என்பதை அழுத்தினேன்.
ஒரு நொடி.
கொழும்பில் பிறந்த ஒருத்தி
அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.
நெற்றிக்கு மேலே, வகிட்டைக் குறுக்கே வெட்டும்
கூடைக் கயிற்றின் தடத்தையும் காணவில்லை.

வெட்கமாக இருந்தது. திருப்பி எடுத்துவிட்டு,
"அப்படியே இருக்கட்டும் அக்கா, அதுதான் அழகு" என்றேன்,
பேச்சுப் போட்டியில் பேசுகிறவள் மாதிரி.
அக்கா போனை வாங்கி
இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார்.
"நெறம் அப்படியே இருக்கட்டும் புள்ள.
அந்தக் கோட்ட மட்டும் எடுத்துரு.
படத்துலயாவது கூடைய எறக்கி வைக்கணும்."

அந்தச் செயலிக்கு அது முடியாது.
அதற்குத் தெரிந்தது ஒரே பொத்தான்,
எடுத்தால் இரண்டையும் எடுக்கும்.

கடைசியில் கிடைத்தது
சவர்க்காரத் துண்டு போல் சின்னம் வைத்த ஒரு பழசு.
பத்தொன்பது எம்பி.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை செத்து எழும்பும்.
ஆனால் ஊசிமுனைத் தூரிகை உண்டு,
பக்கத்துத் தோலிலிருந்து கொஞ்சம் கிள்ளி
வேண்டிய இடத்தில் வைக்கலாம்.
வெடித்த கண்ணாடிக்குக் கீழே
ஒரு மயிர், அடுத்த மயிர், வகிடு.
அக்கா இரண்டு ப்ளேன்டி முடித்துவிட்டார்.
மழையும் முடிந்தது.

கோடில்லாத அடுக்கை மேலே வைத்தேன்.
கீழே இருந்ததை அழிக்கவில்லை,
பக்கத்திலுள்ள கண்ணை மட்டும் மூடிவிட்டேன்.
இது அக்காவுக்குத் தெரியாது.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ,
எனக்கும் தெரியாது.

'சேமிக்கவா' என்றது. ஓம்.
இடம் போதவில்லை என்றது.
சித்தப்பாவின் வணக்கங்களைத் திறந்து
ஒரு மாதத்தை அழித்தேன்,
மார்ச், முப்பத்தொரு ரோஜா.