ஙா

பிப்ரவரியில் வந்து இறங்கினேன்.
ஹாய்ஃபோங்கில் தரை வியர்க்கும் மாதம் அது.
சுவர் நனைந்திருந்தது, தீப்பெட்டி நனைந்திருந்தது,
உறைக்குள் மடித்து வந்த சான்றிதழில்
பல்கலைக்கழக முத்திரை
ஊதாவாய் ஒழுகத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்காரி முதலில் கேட்டது பேரையல்ல, ஊரையல்ல,
வயதை.
பத்து விரலையும் மூன்று தடவை விரித்து
இன்னும் நாலு காட்டினேன்.
அவளுக்கு நாற்பத்தொன்று.
கணக்குத் தீர்ந்தது: இனி நான் அவளைச்
'சீ' என்று கூப்பிட வேண்டும், அக்கா என்று அர்த்தமாம்.
அவள் என்னை 'எம்' என்பாள். தங்கை.

சாவி தந்தவளை, கொசுவலை கட்டித் தந்தவளை
முகத்துக்கு நேரே 'சீ' என்று எப்படிச் சொல்வது?
ஒரு மாதம் இருமியே சமாளித்தேன்.

அவள் பெயர் ஙா. தந்தம் என்று பொருள்.
ஒன்றாம் வகுப்பில் சிலேட்டு தேய எழுதினோமே அந்த எழுத்து,
ஒரு சொல்லையும் தொடங்கி வைக்காமல்
க-வுக்கு நாலு வீடு தள்ளிச் சும்மா உட்கார்ந்திருந்தது.
என் அரிச்சுவடியில் அதன் கட்டத்தில் படமே இல்லை.
இதோ படம்:
கீழ்வாசல் கடையில், முழங்கை வரை ஆவியில்,
நண்டுச் சாற்றுக்குள் பழுப்பு நூடுல்ஸை அமுக்கிக்கொண்டு.
யார் கூப்பிட்டாலும் திரும்பாமல்
'ஓய்' என்கிறாள்.

சாயங்கால வகுப்பு மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேலே.
வாசல் சுவரொட்டியில் பொன்முடிக்காரன் ஒருவன் சிரிக்கிறான்.
யாரென்று நிர்வாகிக்கே தெரியாது.
அவனுக்கென்று ஒதுக்கிய சம்பளத்தில்
பாதிக்குக் கொஞ்சம் மேலே எனக்கு.
என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.
மிச்சம் பதினொரு பேர்: கப்பல் பட்டறை வெல்டர்கள்,
அயர்லாந்து போக ஆசைப்படும் நர்ஸ் ஒருத்தி, பேர் ஞான்.
எழுந்து நின்று 'கோ' என்றார்கள்.
ஆசிரியைக்கு அதுதான் சொல்.
அரசனா பசுவா என்று முடிவாகாமல்
உட்காரச் சொன்னேன்.

ஒரு நாள் பலகையில் 'வீ' என்று தொடங்கி
ஞாயிற்றுக்கிழமை, கடல், போவது என்று
ஒரு வாக்கியத்தை முடித்தேன்.
குயெத் எழுந்தான். ஙாவின் கொழுந்தன்,
பொறி பட்டுப் பட்டுக் கண் சிவந்தவன்.
"இந்த வீ-க்குள்ளே கோ இருக்கீங்களா, வெளியிலயா?"

அவர்களுக்கு இரண்டு உண்டு.
கேட்பவரையும் சேர்த்தால் சுங் தா,
விட்டுவிட்டால் சுங் தோய்.
எங்களுக்கும் உண்டு என்றேன், நாம், நாங்கள்,
சொல்லும்போதே தொண்டையில் ஏதோ தட்டியது:
எம்.
கேட்பவரை வாசலில் நிறுத்திவிட்டுப் பேசும் பழைய சொல்.
தினமும் ஙா அதை வைத்துத்தான்
என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

"அப்போ ஆங்கிலக்காரன் எப்படித்தான் தெரிஞ்சுக்குவான்?"
ஆறு வருடம் இலக்கணம் நடத்தியவள்
டஸ்டரை மேஜையில் தட்டினேன்.
அந்த ஈரத்தில் சாக்பீஸ் தூசிகூடப் பறக்கவில்லை.

ஞாயிறு, ஐந்தரை மணி.
மூன்று நாளாய்க் காயாத புடவையைத்
திருப்பிப் போட மாடிக்கு வந்தேன்.
கீழே ஆறு வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன.
டோ சோன் கடற்கரைக்கு இருபது கிலோமீட்டர்.
குயெத்தின் கைப்பிடியில்
இரண்டாவதாய் ஒரு ஹெல்மெட் தொங்கியது,
எந்தப் பிள்ளையோ ஒட்டிய தர்பூசணி ஸ்டிக்கரோடு.
அவன் ஹாரனை அழுத்தினான். அண்ணாந்து பார்க்கவில்லை.

எனக்குப் பட்டை மாட்ட வரவில்லை.
ஙா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து
நண்டு மணக்கும் விரலால்
தாடைக்கடியில் கொக்கியை அழுத்தினாள்.
தோலைச் சேர்த்துக் கவ்விவிட்டது.

"சீ!" என்று கத்தினேன்.

"ஓய்," என்றாள் ஙா.