ரகசிய எண்

அல்சூர் கார்ப்பரேஷன் கன்னடப் பள்ளி,
இரண்டாம் வகுப்பு அறை.
கரும்பலகையில் போன வருஷத்து மார்ச் தேதி
இன்னும் அழியவில்லை.
பிள்ளைகளின் குட்டை பெஞ்சில்
முழங்கால் முகவாயில் இடிக்க
உட்கார்ந்திருக்கிறது வார்டு.

என் வேலை ஊசி போடுவதல்ல.
ஊசிக்கு முன்னால் நான்கு எண் கேட்பது.
போனில் வந்திருக்குமே, அந்த ரகசிய எண்.
தமிழில் கேட்பேன், கன்னடத்தில், உருதுவில்.
இங்கிலீஷ்காரர்கள்
கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்கள்.

காது மந்தமான ஜபமாலை
தெருவுக்கே கேட்கக் கத்தினார்:
"மூணு, மூணு, ஒம்பது, எட்டு!"
எந்த லாட்டரி தாத்தா
என்றது பின்வரிசை.

ஒயிட்ஃபீல்டிலிருந்து காரில் வந்த பையன்
எந்தக் கம்பெனி மருந்தென்று
ஐஸ் பெட்டியை எட்டிப் பார்த்து
பிடிக்காமல் திரும்பிப் போனான்.
அவன் விட்ட இடத்தில் உட்கார்ந்த கங்கம்மா
கையைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்:
"எது இருக்கோ அதைப் போடு.
செர்டிபிகேட் இல்லாம அபார்ட்மென்ட் கேட்டுல
பாத்திரம் தேய்க்க உள்ள விடமாட்டேங்கறான்."

பைனான்ஸ் நாகராஜ ரெட்டி
ஆதார் ஜெராக்ஸுக்குள் ஐநூறு மடித்து நீட்டினார்.
ஊசி வேண்டாமாம், என்ட்ரி மட்டும் போதுமாம்.
ஜெராக்ஸை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தேன்.
கல்யாணமாகி ஒரு மாதமான பெண்
மாஸ்க்கைத் தாண்டாத குரலில்
"குழந்தை தள்ளிப்போகுமாக்கா" என்றாள்.
போகாது என்றேன்.
நம்பினாளோ,
வரிசையில் நின்ற நாலு மணி நேரத்தை
வீணாக்க மனசில்லையோ,
போட்டுக்கொண்டாள்.

இத்தனை பேரிடம் பேசும் வாய்
வீட்டில்தான் செல்லவில்லை.
கோதண்டத்தின் அண்ணன்
திங்கட்கிழமை ஊசி போட்டார்.
அடுத்த வியாழக்கிழமை
மூன்று ஆஸ்பத்திரி வாசலில் பெட் கேட்டு
நான்காவது போகும் வழியில்
ஆட்டோவின் பின்சீட்டிலேயே போய்விட்டார்.
ஓட்டியது இவன்.

ஊசிக்கு முன்பே அவருக்குக் காய்ச்சல் என்பேன்.
ஊசிக்கு அப்புறம்தானே செத்தான் என்பான்.
இரண்டும் நடந்ததுதான்.
நடுவில் ரசம் ஆறிப்போகும்.

அவன் பெயருக்கு, என் நம்பரில்,
மூன்று முறை ஸ்லாட் பிடித்தேன்.
மூன்று நாளும் ஆட்டோ ரிப்பேர்.
நான்காவதை வாயால் சொல்லவில்லை.
கேஸ் புக்கின் முதுகில்
தேதியை மட்டும் எழுதி வைத்தேன்.

ஜூலையில் ஒரு தூறல் மத்தியானம்
டோக்கன் நாற்பத்தொன்று.
காக்கிச் சட்டை,
மேல் பித்தான் மட்டும் வேறு நிறம். நான் தைத்தது.
யாரோ போல நின்றான்.
நானும் யாரையோ போலக் கேட்டேன்.
பெயர்?
சொன்னான்.
வயது?
"நாப்பத்தாறு."
அலர்ஜி ஏதாவது?
ஜன்னலைப் பார்த்தான். "தெரியாது."
இல்லை என்று தட்டினேன்.
ரகசிய எண்?

தன் போனை எடுத்தான்,
மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான், வைத்தான்.
என் கைப்பையைத் திறந்தேன்.
மெசேஜைத் தேடி எடுத்து
அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்.
விதிப்படி
அவன் எனக்கே திருப்பிச் சொன்னான்:
"ஆறு. ரெண்டு. ஜீரோ. ஆறு."

அரை மணி நேரம் உட்காரணும் என்றேன்.
உட்கார்ந்தான்.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
கரும்பலகைத் தேதியைப் பார்த்துக்கொண்டு
ஒரு மணி நேரம் ஆகியும் உட்கார்ந்திருந்தான்.
மாஸ்க் நனைந்து மூக்கோடு ஒட்டியிருந்தது,
மழையில் வந்தவன்தானே.

நாற்பத்திரண்டு
கேட்கும் முன்பே இங்கிலீஷில் சொல்லிவிட்டார்.
காதில் விழவில்லை, ஸார்,
இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன்.