நாற்பத்து நான்கு லெய்

விடிகாலை ஐந்தரை மணி டிராலிபஸ்.
கிஷினாவ் தெருக்களில் இன்னும் யாரும் மிதிக்காத பனி.
ரொட்டி ஆலையில் இரவுப் பணி முடித்து
ஜன்னலோரம் ஒண்டியிருந்தேன்.
மடியில் துணி சுற்றிய ஒரு ரொட்டி,
அதன் சூடு மெல்லத் தொடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.
உறைந்த கண்ணாடியை நகத்தால் சுரண்டி
நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் செய்துவைத்திருந்தேன்.
அதன் வழியே பார்த்தால் ஊர் எனக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து.

மருத்துவமனை நிறுத்தத்தில் அவர் ஏறினார்.
வார்டுக்குள் போகிறவர்கள் காலணிமேல் மாட்டிக்கொள்வார்களே
நீல பிளாஸ்டிக் உறை,
அதைக் கழற்ற மறந்திருந்தார்.
ஒவ்வோர் அடிக்கும் சரசரத்தது.
கையில் ஒரு பை.
அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது
பெண்கள் பூட்ஸின் குதிகால்.

எல்லோருக்கும் புரிந்தது.
புரிந்த கையோடு
பார்ப்பதற்கு வேறு ஏதாவது தேடிக்கொண்டோம்.
எனக்கு என் வட்டம் இருந்தது.

அக்ரிபினா டிக்கெட் கொடுக்கிறவள்.
கனத்த உடம்பு, ஊரைக் கூட்டும் தொண்டை.
ஒரு லெய் குறைந்தாலும் கல்லூரிப் பையன்களை
அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிடுவாள்.
எனக்கும் அவளுக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு,
கிழிந்த நோட்டை என் தலையில் கட்டிய விவகாரம்.
இருக்கைக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து
அவரிடம் வந்து நின்றாள்.

அவர் கோட்டில் ஒவ்வொரு பையாகத் துழாவினார்.
சாவி. மருந்துச் சீட்டு. பல் உடைந்த ஒரு சிவப்புச் சீப்பு.
மறுபடி முதல் பையிலிருந்து தொடங்கினார்.
மேலே மின்கம்பியில் பொறி பறந்தது.
என்னிடம் சில்லறை இருந்தது.
விரல் அதைத் தொட்டுக்கொண்டும் இருந்தது.
இந்தத் திருப்பம் போகட்டும் என்றது விரல்.

"அட, நீங்களா!" என்றாள் அக்ரிபினா
கடைசி இருக்கை வரை கேட்கும்படி.
"போன வாரம் அம்பது லெய் நீட்டுனீங்க,
சில்லறை இல்ல, இருங்கன்னேன்.
நீங்க பாட்டுக்கு இறங்கிப் போயிட்டீங்க.
என்னைக் கடன்காரியா ஆக்கிட்டுப் போனா எப்படி?"

இடுப்பில் தொங்கிய தோல் பையை அவள் தொடவில்லை.
கோட்டுக்குள் கைவிட்டுத் தன் பர்ஸை எடுத்தாள்.
ஓர் இருபது, ஒரு பத்து,
இரண்டு ஐந்து, நான்கு ஒன்று.
அவர் உள்ளங்கையில் எண்ணி வைத்தாள்.

"நான் இந்த வண்டியில வந்ததே இல்லையே,"
என்றார். நெடுநேரம் பேசாதிருந்த குரல்.
"வந்தீங்க. எனக்கு முகம் மறக்காது."

அவளை நிமிர்ந்து பார்த்தார்.
பொய்யென்று தெரிந்தது அவருக்கு.
தெரிந்ததை மடித்து வைக்கவும் தெரிந்தது.
"அப்ப சரி," என்றார்,
ஏதோ அவர்தான் அவளுக்குக் கொடுப்பதுபோல.

"இன்னிக்கு டிக்கெட்டுக்கு ஆறு எடுங்க.
சும்மா யாரையும் ஏத்தமாட்டேன்."

ஓர் ஐந்தும் ஒன்றும் கொடுத்தார்.
டிக்கெட் வாங்கினார்.
எங்கள் எல்லோரையும் போல
காசு கொடுத்துப் பயணம் செய்கிற ஒருவர்.

பிறகு அவள் அவரை உட்காரவைத்து
மூச்சு வாங்கக் குனிந்து
அந்த நீல உறைகளை ஒவ்வொன்றாக உருவி
தன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.
"வழுக்கும்," என்றாள். அவ்வளவுதான்.

நான் இறங்கும்போது ரொட்டி ஆறியிருந்தது.

மறுநாள் அதே ஐந்தரை.
வேண்டுமென்றே ஐம்பது லெய் நோட்டை நீட்டினேன்.
முறைத்தாள்.
எச்சில் தொட்டு எண்ணி
நாற்பத்து நான்கை என் கையில் அறைந்தாள்.
ஏதாவது சொல்வாளென்று நின்றேன்,
அல்லது நான் சொல்வேனென்று.
"வழிய விடும்மா."

இருக்கைக்கு வந்து சரிபார்த்தேன்.
கணக்கு சரியாக இருந்தது.
ஐந்து லெய் நோட்டுகளில் ஒன்று கிழிந்திருந்தது.