பதினொரு விநாடி

ஐந்து வெள்ளி.
கோம்தார் மூன்றாம் மாடி, ஆ பெங் கடையில்
அட்டைப்பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தது.
‘நாரை வாள்’, இரண்டு வட்டு.
உறையில் அவள் முகம் பச்சையாக அச்சாகியிருந்தது.
“படமே பச்சையா இருக்குமாக்கா?” என்றான் லிங்கேஸ்.
ஓடாவிட்டால் கொண்டுவா, மாற்றித் தருகிறேன்
என்றான் ஆ பெங்.
ஓடாத இடம் ஒன்று இருந்தது.
நாங்கள் மாற்றவில்லை.

இரண்டாம் வட்டு, முடிவுக்குக் கொஞ்சம் முன்னால்.
மழை. தொங்குபாலம். ஒற்றைக் கையில் வாளோடு அவள்.
விழுந்து கிடப்பவன் கேட்கிறான்:
என்னை ஏன் கொல்லாமல் விட்டாய்?
அவள் திரும்புகிறாள்,
அப்படியே நிற்கிறது.
கன்னம் சதுரம் சதுரமாக உடைகிறது.
ஒரு துளி இமைக்கு மேலே தொங்குகிறது.
பெட்டிக்குள் க்ர்ர் க்ர்ர் என்று
இயந்திரம் எதையோ தேடுகிறது.
லிங்கேஸ் உரக்க எண்ணுவான். பதினொன்று வரை.
பிறகு பார்த்தால் பாலத்தின் அந்தக் கோடியில்
அவள் போய்க்கொண்டிருப்பாள்.

என்ன சொல்லியிருப்பாள்?
பிறை வீட்டில் அந்த வருடம் முழுக்க இதே பேச்சு.
அப்பாவின் தொழிற்சாலையை மூடிய வருடம்.
பேச வேறு விஷயமும் இருந்தது,
யாரும் எடுக்கவில்லை.

மலாய் எழுத்து வேறு கோணல்.
எதிரி கர்ஜிப்பான், கீழே ஓடும்:
‘உன் நிழல் எனக்குக் கடன் பாக்கி.’
அதை எல்லாவற்றுக்கும் சொன்னோம்,
கடைசி மீன் துண்டைப் பிடுங்க,
குளியலறைக் கதவைத் தட்ட.
அவன் வேலைக்கு ஜொகூர் பஸ் ஏறியபோது
கண்ணாடிக்கு வெளியே நின்று வாயை மட்டும் அசைத்தேன்.
தலையாட்டினான்.

இருபத்து மூன்று வருடம் கழித்து இரண்டாம் பாகம்.
மகன் யுகேனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.
குவின்ஸ்பே மால், ஏழாம் வரிசை, குளிர்.
தொடக்கத்திலேயே முன்கதை காட்டினார்கள்:
கழுவித் துடைத்த மழை, பாலம், கேள்வி.
திரும்பினாள். நடந்தாள்.
அரை விநாடி.
‘ஒண்ணு’ என்று எடுத்த வாயை
லிங்கேஸ் மூடவேயில்லை.

பிறகு இரண்டு மணி நேரம் பதில் சொன்னார்கள்.
அவனுக்கு ஒரு தங்கை இருந்தாளாம்.
இவளுக்கு இரும்புக் கை முளைத்தது,
அந்தக் கையிலிருந்து இன்னொரு கை.
நகரம் மூன்று முறை இடிந்தது,
யார் தலையிலும் தூசி இல்லை.
எதிரி கர்ஜித்தான், கீழே பிழையில்லாத மலாயில்:
‘உன்னைச் சும்மா விடமாட்டேன்.’
மீன் சந்தையில் பாக்கிச் சில்லறைக்கே
இதைவிட நன்றாகத் திட்டுவார்கள்.

பாயான் லெப்பாஸில் பத்தொன்பது வருடமாக
நுண்ணோக்கிக்குக் கீழே கீறல் பார்ப்பவள் நான்.
கீறல் இருந்தால் சிவப்புத் தட்டு.
இந்த மழையில் எல்லாத் துளியும் ஒரே அளவு,
ஒரே ஷிப்டில் செய்தது மாதிரி.
பச்சைத் தட்டில் போட்டுவிட்டு
அடுத்ததை எடுத்திருப்பேன்.

ஆனால் அந்த இரண்டாவது கை முளைத்தபோது
யுகேன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.
சோளப்பொரி முழுக்கத் தரையில்.
நகம் பதிந்திருந்தது, வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன்.

“பவர்லா அத்தை! நாளைக்கும் வரலாமா?
முதல் படம் உங்ககிட்ட இருக்கா?”
இருக்கு என்றேன்.
போட்டுப் பார்க்கப் பெட்டிதான் இல்லை.
“அதுல அவளுக்கு எத்தனை கை?”
“ஒண்ணு.”
அவன் முகம் விழுந்ததைப் பார்த்து
லிங்கேஸ் சிரித்தான். அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

கார் நிறுத்தத்தை விட்டு வெளியேறும் வாசல்.
இயந்திரம் சீட்டை விழுங்கிக்கொண்டு
க்ர்ர் என்றது, தடுப்பு அசையவில்லை.
பின்னால் ஹார்ன்.
லிங்கேஸ் ஸ்டியரிங்கில் விரல் தட்டி
மெதுவாக எண்ணத் தொடங்கினான்.
“என்னப்பா எண்றீங்க?”
நான் மூச்சுவிடாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழிலேயே திறந்துவிட்டது.