வடிகால்: மோசம்

எருமாட்டுக்குக் கீழே, வயநாட்டுச் செக்போஸ்ட் தெரிகிற தூரத்தில்
குரியாக்கோஸின் வயலில் துளைக்கருவியைத் திருகினேன்.
ஒரு சாண் வரை கறுப்பு. ஒரு நத்தை ஓடு.
அதற்குக் கீழே
ஈயப் பாத்திரத்தின் அடி மாதிரி சாம்பல்.
உள்ளங்கையில் உருட்டினால் திரியாக நீள்கிறது,
வளைத்தால் விண்டுவிடுகிறது.
களி கலந்த வண்டல் என்று எழுதினேன்.

சாம்பலுக்குள் செம்பழுப்புக் கீற்றுகள்:
நெல்வேர் மூச்சுவிட்ட வழியெல்லாம்
இரும்பு துருவாகி நிற்கிறது.
நெல்லை விட்டுப் பதினொரு வருஷம் என்கிறார்.

"வாழை நிக்குமா மேடம்?"
போன ஆகஸ்டில் நானூறு நேந்திரன்
கிழங்கு அழுகி,
கை வைத்தால் சாய்ந்ததாம்.

நான் வாய் திறப்பதற்குள்
குழியில் முக்கால்வாசி தண்ணீர்,
கெட்ட முட்டை வாசனையோடு.

படிவத்தில் வடிகால் என்ற கட்டத்தில்
மோசம் என்று குறித்தேன்.
எட்டிப் பார்த்தார்.
"வெள்ளத்துக்கு எங்கயும் போக மனசில்ல.
அதுக்குப் பேரு மோசமா?"

கிளம்பலாம் என்று திரும்பினால்
இடது பூட்ஸ் வரவில்லை.
அவர் என் முழங்காலைப் பிடித்தார்,
நான் அவர் தோளை.
மண் கொஞ்சம் யோசித்தது.