ஜாகா அறைப் புத்தகம்

முதல் புத்தகம் பாதிகூட நிறையவில்லை.
ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்கு அன்று
வாரத்துக்கு மூன்று பொட்டலம் வந்தால் அதிகம்.
பதினான்காம் மாடி லோகேஸ்வரன்
பள்ளிச் சட்டையோடு ஓடி வருவான்.
பந்துக் காலணிப் பெட்டியை
என் மேசையிலேயே கிழித்து
ஒன்றை எடுத்து முகர்வான்.
"ஊரில் கடையா இல்லை?" என்பார் ஊய் மாமா,
வளைத்துப் பார்க்காமல்
ஒரு செருப்பும் வாங்கியறியாதவர்.

பிறகு எல்லாரும் கதவடைத்த வருடம்.
என் நாற்காலி வெளியே வந்தது,
உள்ளே பொட்டலங்கள் உட்கார்ந்தன.

ஊய் மாமா அப்போதுதான் தொடங்கினார்.
முதலில் தொட்டிச் செடிக்கு மண்.
மண்ணையுமா, என்றேன்.
கையில் கொடுத்தபின் காசு, அதுதான் அவர் கணக்கு.
ஒரு வெள்ளி நோட்டுகளாக எண்ணி
ரைடரையும் எண்ண வைப்பார்,
பின்னால் மழை பெய்துகொண்டிருக்கும்.
இப்போதெல்லாம் விடிகாலை மூன்று மணிக்கு வாங்குகிறார்.
தூக்கம் வராதவர்களுக்குத்தான் தள்ளுபடி போலும்.
"இன்றைக்கு எனக்கு என்ன வரும்?"
வாங்கியது நீங்கள்தானே மாமா.
"மறந்துவிட்டேன். அதுதான் நல்லது."

லோகேஸ்வரனுக்கு வருவது டயப்பர் மட்டும்,
அளவு ஏறிக்கொண்டே போகிறது.
காலணி கூடையில் கிடக்கிறதாம்.
"ரெண்டு வருசமா அக்கா,
விலை எறங்குனா மணி அடிக்கும்.
அடிச்சது. பார்த்தேன். வச்சிட்டேன்."

என் மேசைக்கடியில் இரண்டு பொட்டலங்கள்
ஒன்றையொன்று தெரியாமல் இருக்கின்றன.
ஒன்று யோகமலருடையது: மகளிடம் சொல்லாதீங்க.
மற்றது மகளுடையது: அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க.
மகளுக்குப் பதினாறு. சட்டை வரும்,
போட்டுப் படமெடுத்ததும்
அதே நாடாவோடு திரும்பிப் போகும்.
அம்மாவுடையது எதுவும் திரும்பியதில்லை,
அளவு சரியில்லாவிட்டாலும்.

பதினோராம் மாதம் பதினோராம் தேதி
பெட்டிகள் லிஃப்ட் வரைக்கும் வரிசையில் நின்றன.
குப்பைமேட்டையும் கடலையும் கலந்த காற்று
அட்டை வாசனைக்குத் தோற்றது.
அன்று ரைடர் ஒரு பெயரை வாசித்தான்:
தவமணி.
எந்த வீடு, என்றேன் பழக்கத்தில்.
வீட்டு எண் இல்லை அக்கா, ஜாகா அறை என்றுதான் இருக்கிறது.

ஒன்பது புத்தகம் எழுதிய கை
பத்தாவதில் கொஞ்சம் தயங்கியது.
கொடுத்தவர்: தவமணி.
பெற்றவர்: தவமணி.
இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோல் வரவில்லை.

"என்ன வாங்கினாய்?" என்றார் ஊய் மாமா.
மறந்துவிட்டேன், என்றேன்.
பெட்டியைக் கையில் வாங்கி
மெல்ல வளைத்துப் பார்த்தார்.